சிங்கப்பூரில் கீழ்த்தளத் தரைக்கு இன்சுலேஷன் தேவையா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சிராங்கூன் கார்டன்ஸ் பக்கம் 1950களில் கட்டிய இரண்டு மாடி டெரஸ் வீடு, அதாவது அண்டை வீடுகளோடு ஒட்டிய வரிசை வீடு. புதுப்பிப்பு வேலை நடக்கிறது. கீழ்த்தளத்தில் பழைய டைல்ஸ், அதற்கு அடியிலிருந்த ஸ்கிரீட் என்ற சிமெண்ட் பூச்சு எல்லாவற்றையும் உடைத்து எடுத்தாயிற்று. இப்போது வேலை எடுத்திருக்கும் குத்தகையாளர் (கான்ட்ராக்டர்), இன்சுலேஷனாக, அதாவது வெப்பத்தடுப்பாக, 50 மில்லிமீட்டர் ஃபோம் பலகை பரப்பி அதன்மேல் புது ஸ்கிரீட் போடலாம் என்கிறார். சொன்னதோடு நிற்காமல் பலகைகளைக் கொண்டுவந்து போர்ட்டிகோவில் இறக்கியும் விட்டார். லண்டன் ஹாரோவில் வீடு புதுப்பித்த மச்சான், "தரை திறந்திருக்கும்போதே போட்டுவிடு, அப்புறம் நினைத்தாலும் முடியாது" என்று தொலைபேசியில் வற்புறுத்துகிறார். அம்மாவுக்குக் கீழே ஓர் அறை ஒதுக்கப்போகிறீர்கள். ஏர்கான் ஓடினால் அவருக்குக் கால் ஜில்லிட்டுப் போகிறது. போடலாமா, வேண்டாமா?

வேண்டாம். உங்கள் வீட்டின் ஆறு பக்கங்களில் வெயிலோடு சேர்ந்துகொண்டு உங்களை வாட்டாத பக்கம் தரை. அதற்குப் போய்த் தடுப்புப் போட ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டியதில்லை. ஆனால் மச்சான் சொன்னதில் பாதி சரி. தரை திறந்திருக்கும்போது செய்தே ஆகவேண்டிய வேலைகள் உண்டு. அவை ஃபோம் பலகை இல்லை, அவ்வளவுதான். அந்த வேலைகளைப் பிறகு சொல்கிறேன்.

மச்சானின் ஊர்க் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அவர் ஊரில் அவர் சொல்வது முழுக்க நியாயம். லண்டனில் வருடச் சராசரி வெப்பநிலை 11, 12 டிகிரியை ஒட்டி இருக்கும். சில மீட்டர் ஆழத்தில் மண்ணும் ஏறக்குறைய அந்த வருடச் சராசரியிலேயே நிற்கும். வீட்டுக்குள் 20 டிகிரி வேண்டும். ஆக, வீட்டுக்கும் மண்ணுக்கும் எட்டு, ஒன்பது டிகிரி வித்தியாசம். குளிர்காலத்தில் சுவரோரத் தரையில் இன்னும் அதிகம். மாதக்கணக்கில் ஹீட்டர் ஓடுகிறது, காசு கொடுத்து வாங்கிய வெப்பம் இரவு பகலாகத் தரை வழியே இறங்குகிறது. அதனால்தான் பழைய தரையைப் புதுப்பிக்கும்போது ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் 0.25 வாட்டுக்கு மேல் போகாதபடி வெப்ப இழப்பைக் குறைக்கச் சொல்லி இங்கிலாந்தின் கட்டட விதிகளே கேட்கின்றன. அங்கே அது சட்டம், சேமிப்பு, காலுக்குச் சுகம், மூன்றும்.

இங்கே? சிங்கப்பூரின் வருடச் சராசரி 28 டிகிரியை ஒட்டி இருக்கிறது. டிசம்பருக்கும் மே மாதத்துக்கும் மாதச் சராசரியில் இரண்டு டிகிரி வித்தியாசம்கூடக் கிடையாது. வீட்டுக்கு அடியில் உள்ள மண்ணும் வருடம் முழுக்க அந்த 28 டிகிரியைச் சுற்றியே நிற்கிறது. இப்போது உங்கள் கூடத்தை நினைத்துப் பாருங்கள். ஏர்கான் இல்லாமல், மின்விசிறி மட்டும் ஓடும் பிற்பகல் மூன்று மணி. அறைக்காற்று 31 டிகிரி. தரைக்கு அடியில் 28. வெப்பம் எந்தப் பக்கம் போகும்? கீழே. அதாவது, மண் ஒரு காசு வாங்காமல் உங்கள் கூடத்தின் சூட்டை இழுத்துக்கொண்டிருக்கிறது. மத்தியான நேரத்தில் பாயைக்கூட விரிக்காமல் வெறும் மொசைக் தரையில் படுத்துத் தூங்கிய நம் வீட்டுப் பெரியவர்கள் கண்டுகொண்டது இதைத்தான். ஃபோம் பலகை போட்டால் அந்த வழி அடைபட்டுப் போகும். டைலும் மெல்லிய ஸ்கிரீட்டும் அறைக்காற்றோடு சேர்ந்து சூடாகி, 31 டிகிரியிலேயே நின்றுவிடும்.

சரி, ஏர்கான் ஓடும்போது? அப்போது மண் அறையைவிடச் சூடு. வெப்பம் மேலே வரும், உண்மைதான். எவ்வளவு என்று கணக்குப் போடுவோம். உங்கள் கீழ்த்தளம் 80 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரடியாக மண்மேல் கிடக்கும் கான்கிரீட் தளத்தில் ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, தோராயமாக 0.6 வாட் போகும். ஏர்கானை 25இல் வைத்தால் வித்தியாசம் 3 டிகிரி. பெருக்கினால் 144 வாட். ஒரு பெரிய ஆள் சும்மா உட்கார்ந்திருந்தாலே உடம்பிலிருந்து சுமார் 100 வாட் வெப்பம் வெளியேறும். ஆக, மொத்தத் தரையும் சேர்ந்து ஒன்றரை விருந்தாளி. 50 மில்லிமீட்டர் பலகை போட்டால் இந்த 144 கிட்டத்தட்டப் பாதியாகும், 70 வாட்டை ஒட்டி மிச்சம். அந்த 70 வாட்டை வெளியேற்ற ஏர்கானுக்குச் செலவாகும் மின்சாரம் சுமார் 20 வாட். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், அதுவும் கீழ்த்தளம் முழுவதும் ஏர்கான் ஓட்டினாலும் 0.16 யூனிட். யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்தால், நாளுக்கு ஐந்து காசு. வருடத்துக்கு இருபது வெள்ளிகூட இல்லை. உங்களுக்குத் தந்த விலைப்பட்டியலில் பலகைக்கும் கூடுதல் ஸ்கிரீட்டுக்கும் என்ன தொகை போட்டிருக்கிறது என்று பார்த்து, அதை இருபதால் வகுத்துக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகள் காலத்தில் முதல் திரும்பினாலும் திரும்பலாம்.

அம்மாவின் கால் விஷயம் இதைவிடச் சுவாரசியமானது. லண்டனில் தரைக்கு இன்சுலேஷன் போட்டால் தரை கொஞ்சம் வெதுவெதுப்பாகும், ஏனென்றால் கீழே இருக்கும் குளிர் தடுக்கப்படுகிறது. இங்கே ஏர்கான் அறையில் கீழே இருப்பது சூடு. அதைத் தடுத்தால் டைல் இன்னும் குளிரும். பெரிய அளவில் இல்லை, ஒரு டிகிரிக்கும் குறைவாகத்தான். ஆனால் நீங்கள் எதிர்பார்ப்பதற்கு நேர் எதிர்த் திசையில். காலுக்கு ஜில்லென்று இருப்பதற்குக் காரணம் வேறு: பாதத்தின் தோல் 30 டிகிரியை ஒட்டி இருக்கும், டைலும் கிரானைட்டும் தொட்டவுடன் வேகமாக வெப்பத்தை உறிஞ்சும் பொருள்கள். அதே 25 டிகிரியில் மரமோ வினைலோ இருந்தால் அவ்வளவு குளிராகத் தெரியாது. ஆகவே அம்மாவின் அறைக்கு மட்டும் வினைல் பலகையோ இன்ஜினியர்ட் மரமோ போடுங்கள். ஏர்கானை 26இல் வைத்து மின்விசிறியை மெதுவாகச் சுழலவிடுங்கள். தேசியச் சுற்றுப்புற வாரியமும் 25 டிகிரிக்குக் கீழே போகவேண்டாம் என்றுதான் சொல்லிவருகிறது. காலுக்கு அடியில் ஒரு பருத்தி விரிப்பு போட நினைத்தால் அடியில் வழுக்காத ரப்பர் உள்ளதாகப் பாருங்கள், வயதானவர்களுக்கு விரிப்பு தடுக்குவதுதான் பெரிய ஆபத்து.

தடுக்குவது என்றதும் இன்னொன்று. 50 மில்லிமீட்டர் பலகை, அதன்மேல் ஒட்டாமல் மிதக்கும் ஸ்கிரீட் என்றால் வீடுகளுக்குக் குறைந்தது 65 மில்லிமீட்டர் கனம் வேண்டும், இல்லாவிட்டால் வெடிக்கும். அதற்குமேல் டைலும் பசையும். பழைய ஸ்கிரீட்டை எடுத்த இடத்தில் ஐந்து சென்டிமீட்டர்தான் கிடைத்திருக்கும். மீதி உயரத்துக்குத் தரை மேலே ஏறவேண்டும். கதவுகளை அறுக்கவேண்டும். மாடிப்படியின் முதல் படி மட்டும் மற்றப் படிகளைவிடக் குட்டையாகும். கண் பார்க்காமல் கால் பழகிய உயரத்தில் இறங்குகிறவர் அங்கேதான் தடுமாறுவார். குளியலறை வாசலில் புதிதாக ஒரு படி முளைக்கும். அம்மாவுக்காகக் கீழே அறை கட்டிவிட்டு அவர் வழியிலேயே படி வைப்பானேன்?

இந்த ஊர்ச் சட்டமும் இதே கதையைத்தான் சொல்கிறது. சிங்கப்பூரில் கட்டடத்தின் வெளிப்புறம் வழியாக எவ்வளவு வெப்பம் உள்ளே வரலாம் என்று 1979ஆம் ஆண்டிலிருந்து வரையறை உண்டு. இப்போது கட்டட, கட்டுமான ஆணையத்தின் வாய்பாடுகளில் சுவர் இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, கண்ணாடி வழியே விழும் வெயில் இருக்கிறது, கூரைக்குத் தனிக் கணக்கு இருக்கிறது. மண்மேல் கிடக்கும் தரைக்கு அதில் இடமே இல்லை. தனி டெரஸ் வீடுகளுக்கு எழுதிய விதி இல்லை அது, பெரிய கட்டடங்களுக்கு. ஆனாலும் வெப்பம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கணக்குப் பார்த்தவர்கள் எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்பது போதுமான சாட்சி.

இனி, தரை திறந்திருக்கும்போது செய்யவேண்டியது.

முதல் வேலை, தளத்துக்கு அடியில் ஓடும் குழாய்கள். அந்தக் காலத்து வீடுகளில் கழிவுநீர்க் குழாய்கள் சுட்ட மண்ணிலோ வார்ப்பிரும்பிலோ இருக்கும். மூட்டுகள் விட்டிருக்கும், மர வேர் புகுந்திருக்கும். உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரை அழைத்து உள்ளே கேமரா விட்டுப் பாருங்கள். "தரையில் ஈரம் ஏறுகிறது" என்று பலர் புலம்புவதில் கணிசமானது ஒழுகும் குழாய்தான். புது டைல் போட்டு ஆறு மாதம் கழித்து அதைக் கண்டுபிடிப்பதைவிடக் கொடுமை வேறில்லை.

இரண்டாவது, தளமே உறுதியாக இருக்கிறதா என்பது. காலாங், கேலாங், கத்தோங் பக்கம் கடல்களிமண் உள்ள இடங்களிலும், கடலை நிரப்பிய நிலங்களிலும் வீடு மண்ணுக்குள் ஆழமாக இறக்கிய பைல் தூண்கள்மேல் நிற்கும், கீழ்த்தளத் தரை மட்டும் வெறும் மண்மேல் கிடக்கும். மண் இறங்க இறங்கத் தளத்துக்கு அடியில் வெற்றிடம் விழும். உங்கள் பகுதி அந்த அளவுக்கு மோசமில்லை என்றாலும், சுத்தியலால் ஆங்காங்கே தட்டிப் பாருங்கள். பொள்ளென்று ஒலித்தால், சுவரோரம் விரிசல் ஓடியிருந்தால், பொறியாளர் ஒருவர் பார்க்காமல் மேலே எதையும் போடாதீர்கள். தளத்தையே உடைத்துப் புதிதாக வார்ப்பது என்றால் அது வெறும் டைல் மாற்றும் வேலை இல்லை, பொறியாளர் கையெழுத்தும் அனுமதியும் கேட்கும் வேலை.

மூன்றாவதுதான் இந்த ஊரின் உண்மையான தரைப் பிரச்சினை: ஈரம். வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. தாழ்வான இடங்களில் நிலத்தடி நீர் மட்டம் வெகு ஆழத்தில் இருப்பதில்லை. கான்கிரீட் பார்க்கத்தான் கல். உள்ளே நுண்துளைகள். அடியிலிருந்து ஈரம் ஆவியாகவும் நீராகவும் ஏறிக்கொண்டே இருக்கும். அதன் அடையாளங்களை நீங்கள் பல வீடுகளில் பார்த்திருப்பீர்கள்: பளிங்குத் தரையில் மூட்டுகளில் வெள்ளைப் பொடி பூப்பது, வெள்ளைப் பளிங்கு ஓரத்திலிருந்து மஞ்சளிப்பது, பார்க்கே மரத்துண்டுகள் பெயர்ந்து எழும்புவது, வினைல் ஓரம் சுருள்வது, அலமாரிக்குப் பின்னால் பூசண நாற்றம். இதற்கு ஃபோம் பலகை மருந்தில்லை. பலகைகளின் இடைவெளி வழியாக ஈரம் தாராளமாக வரும்.

1950களின் வீட்டில் தளத்துக்கு அடியில் ஈரத்தடுப்புத் தாள் இருக்க வாய்ப்பு குறைவு. சோதித்துப் பார்க்கச் சுலபமான வழி, அரை மீட்டர் சதுரத் தெளிவான பிளாஸ்டிக் தாளைச் சுத்தமாகத் துடைத்த கான்கிரீட்மேல் வைத்து நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி ஒரு நாள் விடுவது. அடியில் நீர்த்துளி கோத்தாலோ கான்கிரீட் கறுத்தாலோ ஈரம் ஏறுகிறது. ஒரே இடத்தில் செய்யாதீர்கள். நடுவில், முன்வாசல் அருகே, பின்புறச் சமையலறை அருகே என்று பிரித்துப் பாருங்கள். சமையலறைப் பக்கம் மட்டும் நனைந்தால் மறுபடியும் குழாயைச் சந்தேகியுங்கள். மரமோ வினைலோ போடப்போகும் அறையில் இந்தச் சோதனை போதாது. கான்கிரீட்டில் துளையிட்டு ஈரப்பதமானி வைத்து அளக்கச் சொல்லவேண்டும். 75 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் மரத்தை வண்டியிலிருந்து இறக்கவே விடாதீர்கள்.

தளம் நல்ல நிலையில் இருந்து, ஈரம் மட்டும் ஏறுகிறது என்றால் வழி இது: மேற்பரப்பை இயந்திரத்தால் உரசித் தூசி நீக்கி, எபாக்சி ஈரத்தடுப்பை இரண்டு பூச்சாகப் பூசவேண்டும். இரண்டாவது பூச்சு காயுமுன்பே அதன்மேல் உலர்ந்த மணலைத் தூவவேண்டும். அந்த மணல்தான் அடுத்து வரும் ஸ்கிரீட்டைப் பிடித்துக்கொள்ளும். மணல் தூவாமல் வழவழப்பான எபாக்சிமேல் ஸ்கிரீட் போட்டால் பிடிப்பில்லாமல் பெயரும். இந்த ஒரு படியைத்தான் அவசரத்தில் விட்டுவிடுவார்கள், அன்றைக்கு மட்டும் வேலைத்தளத்தில் நின்று பாருங்கள். தளத்தையே புதிதாக வார்ப்பதாக இருந்தால் இன்னும் நல்லது. மண்ணைக் கெட்டிப்படுத்தி, கரையான் மருந்து அடித்து, மெல்லிய கான்கிரீட் படுகை போட்டு, அதன்மேல் 250 மைக்ரானுக்குக் குறையாத பாலித்தீன் தாள். தாளும் தாளும் 150 மில்லிமீட்டராவது ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மூட்டில் டேப் ஒட்டியிருக்கவேண்டும். சுவரோரத்தில் மேலே மடித்துச் சுவரிலுள்ள ஈரத்தடுப்போடு சேர்க்கவேண்டும். அப்புறம் கம்பி கட்டும்போது தாளைக் குத்திக் கிழிக்காமல் பார்த்துக்கொள்வது ஒரு தனிப் போராட்டம்.

புது ஸ்கிரீட் காய நேரம் கொடுங்கள். ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு நாள் என்பது பழைய கணக்கு. நம் ஊர்ப் புழுக்கத்தில் அதற்கு மேலும் ஆகலாம். டைலுக்குப் பெரிய கவலையில்லை. அம்மாவின் அறையில் வினைல் என்றால் இந்தக் காத்திருப்பைச் சுருக்கவே கூடாது.

கரையானைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே வீடுகளைத் தின்பதில் பெயர்பெற்றது கோப்டோடெர்மஸ் கெஸ்ட்ரோயி என்ற நிலத்தடிக் கரையான். அதற்கு ஃபோம் சாப்பாடு இல்லை. ஆனால் மென்மையான, இருட்டான, யாரும் பார்க்காத பாதை. பலகைக்குள் சுரங்கம் குடைந்துகொண்டு நேராகக் கதவு நிலைக்குப் போய்ச் சேரும். அமெரிக்காவில் கரையான் மிக அதிகமுள்ள பகுதிகளில் மண்ணுக்கு அடியில் ஃபோம் பயன்படுத்துவதைக் கட்டட விதிகளே கட்டுப்படுத்தியிருப்பது சும்மா இல்லை.

பழைய கடைவீடு வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். டன்லப் ஸ்திரீட், கெர்பாவ் ரோடு பக்கத்து வீடுகளில் செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு. சுவருக்கு அடியில் ஈரத்தடுப்பு கிடையாது. தரையை முழுக்க பிளாஸ்டிக்கால் மூடினால், அங்கே ஆவியாகிப் போய்க்கொண்டிருந்த ஈரம் சுவர்ப்பக்கம் திரும்ப வாய்ப்பு அதிகம். அங்கே சுவரையும் தரையையும் சேர்த்துத்தான் யோசிக்கவேண்டும். சிமெண்ட் பூச்சும் பளபளப்புச் சாயமும் சுவரில் ஏற்றிவிட்டுத் தரையை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்குக் கேள்வியே எழாது. பெரும்பாலான புளோக்குகளில் கீழே காற்றோட்டமான வெற்றுத்தளம், போதாக்குறைக்கு ஸ்கிரீட்டும் தரைப்பூச்சும் சேர்ந்து 50 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்ற விதி.

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. குளிர்க்கிடங்கு ஒன்று. தேக்காவில் மாலைக்குப் பூ வைக்கும் குளிரறையோ, உறைநிலை இறைச்சிக் கிடங்கோ கட்டினால் தரைக்கு இன்சுலேஷன் கட்டாயம். அங்கே வித்தியாசம் 3 டிகிரி இல்லை, 25, 45 டிகிரி. உறைநிலைக் கிடங்கில் அடிமண் உறைந்து உப்பித் தளத்தைத் தூக்காமலிருக்கத் தரைக்குக் கீழே ஹீட்டர்கூட வைப்பார்கள். இரண்டாவது விதிவிலக்கு உங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும்: கார் நிறுத்தும் போர்ட்டிகோவுக்கு மேலே மாடியில் படுக்கையறை இருக்கிறதா? அந்த அறையின் தரைக்கு அடியில் மண் இல்லை. வெளிக்காற்று, சற்றுமுன் வந்து நின்ற காரின் சூடு, வெயிலில் காய்ந்த தார்ச்சாலையின் சூடு. இரவு முழுக்க 22, 23 டிகிரியில் ஏர்கான் ஓடினால் போர்ட்டிகோ கூரையின் அடிப்பக்கம் வியர்த்துக் கறுப்புப் பூசணம் படிவதும் உண்டு, ஏனென்றால் நம் ஊர்க் காற்று 24, 25 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீராகப் படியத் தொடங்கிவிடும். அங்கே அடிப்பக்கம் இன்சுலேஷன் ஒட்டி, ஈரக்காற்று உள்ளே நுழையாதபடி வெளிப்பக்கத்தை நன்றாக மூடினால் பலன் தெரியும்.

அதே காரணத்தால், ஏர்கானின் தண்ணீர்க் குழாயோ குளிர்வாயுக் குழாயோ உங்கள் தரைக்குள்ளோ சுவருக்குள்ளோ புதைக்கப்படுகிறது என்றால், அந்தக் குழாய்க்கு நல்ல தடிமனான உறை கேளுங்கள். அரை அங்குலம் போடுவதாகச் சொல்லிவிட்டு மெல்லியதைச் சுற்றுபவர்கள் உண்டு. மூடுவதற்கு முன் கையால் அழுத்திப் பாருங்கள். உங்கள் கீழ்த்தளத்தில் இன்சுலேஷன் தேவைப்படும் இடம் உண்மையில் அதுதான்.

சரி, மிச்சமாகும் பணத்தை எங்கே போடுவது? மேலே. நாம் இருப்பது பூமத்திய ரேகையிலிருந்து ஒன்றரை டிகிரிக்கும் குறைவான தூரத்தில். நண்பகல் வெயில் வருடம் முழுக்கக் கிட்டத்தட்டத் தலைக்கு நேர் மேலே. கூரை ஓடு 60 டிகிரி வரை சுடும். ஓட்டுக்கும் பலகை உட்கூரைக்கும் நடுவில் ஒன்றும் இல்லாத பழைய வீட்டில், சதுர மீட்டருக்கு டிகிரிக்கு 1.5 வாட் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 30 டிகிரி. 80 சதுர மீட்டருக்கு 3,600 வாட். தரையின் 144 வாட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தரைக்கு இன்சுலேஷன் கேட்பது, உச்சி வெயிலில் குடையைக் காலடியில் விரிப்பது மாதிரி. உட்கூரைமேல் 75 மில்லிமீட்டர் ராக்வூல் (பாறைப் பஞ்சு) போட்டால் 3,600 வாட் சுமார் 900 ஆகும். ஓட்டுக்கு அடியில் பளபளக்கும் அலுமினியத் தாள் ஒன்றைச் சேர்த்து, கீழே ஓர் இஞ்ச் அளவுக்காவது காற்று இடைவெளி விட்டால் இன்னும் குறையும். தாளின் இரண்டு பக்கமும் இடைவெளியே இல்லாமல் எதன்மேலாவது ஒட்டிக்கொண்டால் அந்தப் பலன் போய்விடும். இடைவெளி இருந்தால்தான் தாள் வேலை செய்யும். வீவக தன் தட்டைக் கூரைகள்மேல் சிறு தாங்கிகள் வைத்து இரண்டாவது அடுக்குக் கான்கிரீட் பலகைகளைப் பரப்பியிருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். பத்தாவது மாடிக்காரருக்குத் தெரியாத அருமை மேல்மாடிக்காரருக்குத் தெரியும்.

கூரைக்கு அடுத்தது மேற்குப் பார்த்த கண்ணாடி. உள்ளே திரை போடுவதைவிட வெளியே நிழல் போடுவது பல மடங்கு உதவும். பழைய கடைவீடுகளில் தொங்கும் மூங்கில் திரை அழகுக்காக வந்ததில்லை. உங்கள் வீடு நடுவீடாக இருந்தால் பக்கச் சுவர்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அவற்றின் மறுபக்கம் அண்டை வீடு. மூலை வீடாக இருந்து, அந்தச் சுவர் மேற்கே பார்த்தால் மட்டும் யோசியுங்கள்.

குத்தகையாளரிடம் என்ன சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். சண்டை தேவையில்லை. "ஃபோம் பலகை, மிதக்கும் ஸ்கிரீட் இரண்டையும் எடுத்துவிட்டு, எபாக்சி ஈரத்தடுப்பு, அதோடு ஒட்டும் ஸ்கிரீட், உட்கூரைக்கு ராக்வூல் என்று மாற்றி விலைப்பட்டியல் கொடுங்கள்" என்று எழுதிக் கேளுங்கள். ஈரத்தடுப்பின் பெயர், எத்தனை பூச்சு, சுவரோரத்தில் எவ்வளவு உயரம் என்று பட்டியலிலேயே இருக்கட்டும். வெறுமனே "வாட்டர்புரூஃபிங்" என்று ஒற்றை வரியில் எழுதித் தந்தால் ஏற்காதீர்கள்.

கடைசியாக, இறக்கிவைத்த பலகைகள். திருப்பி எடுத்துக்கொள்வார் என்றால் நல்லது. எடுக்கமாட்டேன் என்றால், உங்கள் வீட்டுப் பின்புறச் சமையலறைக்கு மேலே தட்டைக் கான்கிரீட் கூரை இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வயது டெரஸ் வீடுகளில் பலவற்றில் இருக்கும். பலகை நீரை உறிஞ்சாத எக்ஸ்பிஎஸ் வகையாக இருந்தால் அதற்குச் சரியான இடம் அதுதான். மணிமணியாக உதிரும் வெள்ளைத் தெர்மோகோல் வகை அதற்கு ஆகாது. கூரையில் முதலில் நீர்த்தடுப்புப் பூச்சு. காய்ந்தபின் வடிகாலை அடைத்துத் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விட்டு, கீழே கசிவு இல்லை என்று உறுதிசெய்யுங்கள். கூரை அந்த எடையைத் தாங்குமா என்று பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பலகைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே வடிகட்டித் துணி விரித்து, கான்கிரீட் கற்களைப் பரப்புங்கள். கல் வைக்காமல் விட்டால் முதல் கனமழையிலேயே பலகைகள் மிதந்து வடிகாலை அடைத்துவிடும், வெயில் பட்டால் தூளாகவும் போகும்.